எருமைகள் வெளியேறிய பிறகு: கேவலாதேவ் ஈரநிலத்தின் புல்லும் புதரும்

எங்கள் ஊர் ஏரியில் பறவை பார்க்கும் மேட்டுக்கு நேர் எதிரே சம்பும் கோரையும் ஆள் உயரத்துக்கு மண்டிவிட்டன. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. வாத்துகள் இறங்கும் சத்தம் கேட்கும், பறவை கண்ணில் படாது. ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் அரிவாளோடு இறங்கினோம். மதியத்துக்குள் நல்ல திறப்பு கிடைத்துவிட்டது. படம் எடுத்துக்கொண்டோம், டீ குடித்தோம். கட்டுக்கட்டாகக் கரையில் போட்டதைப் புரட்டும்போதுதான் கோரை மடித்துக் கட்டிய ஒரு கூடும் உடைந்த முட்டைகளும் கண்ணில் பட்டன. நீலத் தாழைக்கோழியின் கூடு. அன்றைக்கு யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்த வருடம் அதே இடத்தில் சம்பு முன்பைவிட அடர்த்தியாக நின்றது.

செய்த வேலை ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ராஜஸ்தானின் பரத்பூர். பறவை பார்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த இடம். ஆனால் ஈரநிலத்தில் செடி மண்டுவதைப் பற்றி அந்த இடம் கற்றுத் தந்த பாடத்தை நாம் இன்னும் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மனிதர் கை வைத்து உருவான ஈரநிலம்

பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர் தேங்கும் பகுதி. மற்றது புல்வெளியும் காடும். நடுவில் இருக்கும் சிவன் கோயிலின் பெயர்தான் பூங்காவின் பெயர். உள்ளூரில் ‘கனா’ என்றும் சொல்வார்கள், அடர்ந்த காடு என்று பொருள்.

இது தானாகவே உருவான ஏரி கிடையாது. கம்பீர், பாண்கங்கா ஆறுகளின் வெள்ளம் பரவும் பள்ளமாக இருந்த இடம். 18ஆம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ்மல் காலத்தில் அஜான் அணை கட்டப்பட்டது. பின்னாளில் பரத்பூர் அரச குடும்பத்தார் பள்ளத்துக்குள் சிறு கரைகளும் மதகுகளும் அமைத்து, வாத்து வேட்டைக்கான நீர்த்தேக்கமாக ஆக்கினார்கள். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்தக் கணக்கைப் பொறித்த கல் இன்றைக்கும் கோயில் அருகே நிற்கிறது.

1956இல் பறவைகள் சரணாலயம். 1981இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல். 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னம். இடையில் 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்கா என்ற நிலை வந்தது. நம் கதைக்கு முக்கியமானது இந்தக் கடைசி மாற்றம்தான்.

அதற்கு முன் அங்கே இருந்த ஏற்பாட்டைப் பார்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் அணையிலிருந்து திறக்கும் தண்ணீர் பள்ளங்களை நிரப்பும். நீரில் நிற்கும் கருவேல மரங்களில் சங்குவளை நாரையும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கரண்டிவாயனும் கூடு கட்டும். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்து சேரும். கோடையில் பெரும்பகுதி வற்றும். இந்தச் சுற்றோடு இன்னொரு சுற்றும் ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து தினமும் மாடுகளும் எருமைகளுமாகச் சுமார் 2,500 உருப்படிகள் உள்ளே போய் மேய்ந்தன. பெண்கள் புல் அறுத்தார்கள், விறகு பொறுக்கினார்கள். மேட்டுப் பக்கத்துப் புல்வெளியில் வெட்டிவேர் தோண்டி விற்றார்கள். யாரும் இதைப் பராமரிப்பு என்று அழைக்கவில்லை. சம்பளமும் இல்லை. ஆனால் ஈரநிலத்தின் புல்லை ஆண்டு தவறாமல் மட்டம் தட்டி வைத்திருந்தது இந்தப் போக்குவரத்துதான்.

1982 நவம்பர்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலை அனுமதிப்பதில்லை. அந்த நிலை வந்தால் மேய்ச்சல் நின்றாக வேண்டும். பூங்காவைச் சுற்றிச் சுவர் எழுந்தது. 1982 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக ஓட்டிப் போன மேய்ச்சல் நிலத்துக்கு ஒரே நாளில் கதவடைத்தபோது கிராமத்தார் கொதித்தார்கள். மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. செடிகொடி மேலாண்மை பற்றிய கட்டுரையில் இதை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பின்னாளில் அங்கே கிராமத்தாரும் வனத்துறையும் சேர்ந்து செய்த ஒவ்வொரு வேலைக்கும் அடியில் இந்தக் காயம் இருந்தது.

தடைக்குப் பின்னால் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. மாடு மேய்ந்தால் பறவைக்கு இடைஞ்சல் என்பது அன்றைக்குப் பலரும் நம்பிய கருத்து. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவையியலாளர் சலீம் அலியும் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்ற தரப்பில்தான் இருந்தார். பூங்காவுக்குள் நூற்றுக்கணக்கில் எருமைகள் சேற்றைக் கலக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும் எந்தப் பறவை ஆர்வலருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது.

புல் என்ன செய்தது

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980இலேயே கேவலாதேவில் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கியிருந்தது. வி. எஸ். விஜயன் தலைமையில் பத்தாண்டுகள் நடந்த ஆய்வு அது. தடைக்கு முன்பு இரண்டு வருடம், தடைக்குப் பின்பு எட்டு வருடம் என்று ஒரே இடத்தின் இரண்டு நிலைகளையும் அளந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. சூழலியலில் இப்படி அமைவது அபூர்வம்.

அவர்கள் கண்டது எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. பாஸ்பாலம் டிஸ்டிக்கம் என்ற ஒரு நீர்ப்புல் ஆழமில்லாத தண்ணீர் முழுவதும் பாய் விரித்த மாதிரி பரவியது. கணுவுக்குக் கணு வேர்விடும் புல் இது. கரையில் தொடங்கி நீர்மேல் படர்ந்து, பழைய தண்டின் மேல் புதுத் தண்டு ஏறி மெத்தை போல ஆகிவிடும். அந்த மெத்தைக்கு அடியில் வெளிச்சம் போகாது. நீருக்குள் வளரும் பாசிச் செடிகளும் அல்லியும் குறையும், அவற்றைத் தின்னும் வாத்துகளுக்கு இரை குறையும். அழுகும் புல் நீரிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், மீன் குறையும். மீன் இருந்தாலும் கொக்குக்கும் நாரைக்கும் அலகை இறக்க இடமில்லை. வாத்து இறங்கி ஓடி எழும்பத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும், அதுவும் இல்லை.

எருமை இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அது புல்லைத் தின்றது. மாடு இறங்கத் தயங்கும் ஆழத்திலும் இறங்கித் தின்றது. புரண்டு படுத்த இடத்தில் குழி விழுந்தது, கோடையில் கடைசியாக நீர் நிற்பது அந்தக் குழியில்தான், மீன் தப்பிப் பிழைப்பதும் அங்கேதான். சாணி நீரில் விழுந்து நுண்ணுயிர்களுக்கும் பூச்சிகளுக்கும் உரமானது. எருமை அந்த ஈரநிலத்தின் ஓர் உறுப்பு என்பதுதான் ஆய்வு வந்து சேர்ந்த முடிவு. தடை பறவைகளுக்கு நன்மை செய்யவில்லை, பல நீர்ப்பறவைகளுக்குக் கெடுதலே செய்தது என்று 1991இல் வந்த இறுதி அறிக்கை சொன்னது.

மேய்ச்சல் கூடாது என்று நினைத்தவர்களின் கழகமே தன் தரவைப் பார்த்து, நாம் நினைத்தது தவறு என்று எழுதியது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். களத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு குழுவும் இப்படி ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும்.

மேட்டுப் புல்வெளியில் வேறு மாதிரி ஆனது. வெட்டிவேர்ப் புல்லும் மற்ற உயரப் புற்களும் ஆள் மறையும் அளவு வளர்ந்தன, கோடையில் தீப்பிடிக்கும் அபாயம் கூடியது. இங்கே கிராமத்தார் சொன்ன ஒரு வாதம் உண்டு. வெட்டிவேருக்காக நாங்கள் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தோம், அதனால் மண் இளகிக் கிடந்தது, சைபீரியக் கொக்கு கிழங்கு தோண்டித் தின்ன வசதியாக இருந்தது, இப்போது மண் இறுகிவிட்டது என்றார்கள். சைபீரியக் கொக்குகள் கேவலாதேவுக்கு வந்தது 2002ஆம் ஆண்டோடு நின்றுபோனது. வலசைப் பாதையில் நடந்த வேட்டை அதற்கு மிகப் பெரிய காரணம், பழியை முழுக்கவும் தடையின் மேல் போட முடியாது. ஆனாலும் அந்த வாதத்தைப் படித்தபோது சிலிர்த்தது. கொக்கு எந்த இடத்தில், எந்தக் கிழங்குக்காக, எவ்வளவு ஆழம் தோண்டுகிறது என்று கவனித்தவர்கள் பேசிய பேச்சு அது.

அரிவாள் திரும்ப உள்ளே வந்த விதம்

பிரச்சினை புரிந்துவிட்டது, தீர்வும் தெரிந்துவிட்டது. எருமையை விடலாமே என்றால் சட்டம் விடாது. தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்கு விலக்கு இல்லை. அதனால் நடுவழி ஒன்று பிறந்தது. எருமை வரக்கூடாது, மனிதர் வந்து புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு போகலாம். அனுமதிச் சீட்டோடு கிராமத்தார் புல் அறுப்பது இப்படித் தொடங்கியது.

அரிவாளால் எருமையின் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. அறுப்பவர் தரைப் பகுதியிலும் முழங்கால் தண்ணீரிலும் அறுப்பார், இடுப்பளவு நீரில் யாரும் தினமும் நிற்க மாட்டார்கள். நல்ல தீவனமாகும் புல்லைத்தான் எடுப்பார்கள், ஒன்றுக்கும் உதவாத சம்பை விட்டுவிடுவார்கள். மிதித்துக் குழியாக்குவதும் சாணி விழுவதும் நடக்காது. இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் ஓர் உயிர்நாடியான விஷயம் இருந்தது. புல்லுக்குத் தேவை உள்ளவர்தான் புல் அறுக்க வந்தார். வீட்டில் எருமை இருக்கும் வரை அடுத்த வருடமும் வருவார். அழைப்பு அனுப்ப வேண்டியதில்லை, சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை.

நாம் இருபது பேர் ஒரு ஞாயிறு வெட்டியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் தெளிவானது. செடி ஒவ்வொரு வருடமும் வளர்கிறது. வெட்டுகிறவரும் ஒவ்வொரு வருடமும் வர வேண்டும், வருவதற்கு அவருக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

தண்ணீர் நின்றது, சீமைக்கருவேலம் வந்தது

இரண்டாவது கட்டம் இன்னும் கடினமானது. கேவலாதேவுக்கு ஆண்டுக்குச் சுமார் 550 மில்லியன் கன அடி தண்ணீர் தேவை. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா அணை வந்த பிறகு பூங்காவுக்கு வரும் நீர் வெகுவாகக் குறைந்தது. 2000களில் மழையும் பொய்த்த ஆண்டுகளில் நீர்ப்பள்ளங்கள் காய்ந்து வெடித்தன. அணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விவசாயிகளுக்கும் தண்ணீர் தேவை, அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பின்னர் கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் குழாய் வழியாக நீர் கொண்டுவரும் திட்டங்கள் வந்தன.

காய்ந்த பள்ளத்துக்குள் சீமைக்கருவேலம் இறங்கியது. இந்த மரத்தைப் பற்றி நம் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராமநாதபுரத்திலிருந்து திருவள்ளூர் வரை எந்த வறண்ட கண்மாயையும் பார்த்தால் போதும். தொடர்ந்து நீர் நிற்கும் இடத்தில் அதன் கன்று பிழைப்பது கடினம். இரண்டு மூன்று வருடம் நீர் வராவிட்டால் உள்ளே நுழைந்து காலூன்றிவிடும், அப்புறம் நீர் வந்தாலும் வளர்ந்த மரம் எளிதில் சாகாது. புல்வெளியையும் அது மூடியது. ஆகவே கேவலாதேவில் சீமைக்கருவேலத்தின் கதை என்பது தண்ணீர்க் கதையின் அடுத்த பாகம். தண்ணீரைச் சரி செய்யாமல் மரத்தை மட்டும் வெட்டினால் திரும்ப வரும்.

2000களின் பிற்பகுதியில் பூங்கா நிர்வாகம் சுற்றுக் கிராமங்களின் சூழல் மேம்பாட்டுக் குழுக்களோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. கிராமத்தார் உள்ளே வந்து சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும். விறகு அவர்களுக்கே. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதி. சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்ட கிராமங்கள் கோடாரியும் மண்வெட்டியுமாக அதே வாசல் வழியாக உள்ளே வந்தன.

இதில் ‘வேரோடு’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் இருக்கிறது, துளிர்க்கும் மொட்டுகள் அங்கேதான். குறைந்தது ஒரு முழம் தோண்டி அந்தக் கழுத்தையும் சேர்த்து எடுத்தால்தான் மரம் சாகும். வெறும் விறகுக்காக வெட்டுகிறவருக்குத் தோண்டும் உழைப்பு வீண். வேரும் நல்ல விறகு, கரியாக்கவும் உதவும் என்பதால் தோண்டுவதில் கிராமத்தாருக்கும் லாபம் இருந்தது. பூங்காவின் தேவையும் வீட்டின் தேவையும் ஒரே குழியில் சேர்ந்தன என்று சொல்லலாம்.

மரம் போன இடத்தில் புல்வெளி திரும்ப விரிந்தது. ஆனால் வேலை முடியவில்லை. நெற்றை மாடும் நீலான் மானும் தின்று சாணியில் விதைக்கின்றன. விதை மண்ணில் பல வருடம் உறங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் நூற்றுக்கணக்கில் முளைக்கும். பெரிய மரத்தைப் பிடுங்க விறகு என்ற காரணம் உண்டு. விரல் அளவு கன்றைப் பிடுங்க யாருக்கு என்ன காரணம்? எந்தத் திட்டமும் தடுமாறும் இடம் இது. பெரிய மரங்கள் தீர்ந்ததும் கிராமத்தாரின் லாபமும் தீர்ந்துவிடுகிறது, ஆனால் வேலை மிச்சமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைத் தன்னார்வலருக்கு உரிய வேலை

தன்னார்வலருக்கான இடம் சரியாக இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நகரத்திலிருந்து வரும் இளைஞர், கல்லூரி மாணவர், பறவை ஆர்வலர் ஆகியோரிடம் கோடாரியைக் கொடுத்து மரம் வெட்டச் சொல்வதில் பயன் குறைவு. சீமைக்கருவேல முள் குத்தினால் சீழ் பிடிக்கும், பழக்கமில்லாத கை காயப்படும். ஒரு கிராமத்துக் குடும்பம் அரை நாளில் முடிப்பதை இருபது பேர் ஒரு நாள் முழுக்கச் செய்வார்கள். ஆனால் மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது கன்று பிடுங்குவது எல்லோருக்கும் முடிந்த வேலை. வேர் முழுதாக வரும். கையுறையும் குட்டை மண்வெட்டியும் போதும். அதனால் யாருடைய பிழைப்பும் கெடாது. யாருக்கும் லாபம் தராத, ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை எதுவோ அதுதான் சிரமதானத்துக்கு உரியது.

ஹாங்காங்கின் மாய் போ சதுப்பு நிலம் இதற்கு இன்னொரு நல்ல உதாரணம். 1980களிலிருந்து உலக இயற்கை நிதியம் பராமரிக்கும் இடம், 1995 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. அங்கே அலையாத்திக் காட்டைத் தாண்டிச் சேற்றுவெளியின் ஓரத்தில் மிதக்கும் பார்வைக் குடில்கள் உண்டு. அலையாத்தி மரங்கள் கடலை நோக்கி முன்னேறிக்கொண்டே வருகின்றன. விட்டால் குடிலுக்கு முன்னால் காடாகிவிடும், உள்ளான்கள் இரை தேடும் சேறு மறைந்துவிடும். அதனால் குடில்களுக்கு முன்னால் முளைக்கும் அலையாத்திக் கன்றுகளை ஆண்டுதோறும் அகற்றுகிறார்கள். அலையாத்தி நட வேண்டும் என்று கேட்டே பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். எந்தச் செடியும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை. அந்த இடத்தில் எந்தப் பறவைக்கு எது வேண்டும் என்பதுதான் கேள்வி. நன்னீர்க் குளம் ஒன்றில் புல்லைக் குறைக்க மாய் போவில் எருமைகளை விட்டிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கேவலாதேவில் சட்டம் தடுத்தது அங்கே திட்டமிட்டு நடக்கிறது.

நம் ஏரிகளுக்கு எடுத்து வரும்போது

பரத்பூரின் நாட்காட்டியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே தென்மேற்குப் பருவமழையில் நிரம்பும், ஆடி ஆவணியில் கூடு தொடங்கும், சித்திரை முதல் ஆனி வரை வேலைக்குத் தோதான காலம். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பும். வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் கூடுகள் கார்த்திகை மார்கழியில் தொடங்கிப் பங்குனி வரையிலும், சில ஆண்டுகளில் அதற்கு மேலும் போகும். ஆகவே நம் வேலைக் காலம் ஆனி முதல் ஆவணி வரை. எங்கள் குழு மார்கழியில் இறங்கியது முதல் தவறு. வலசைப் பறவை பார்க்க ஆள் வரும் காலத்தில் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம். ஆள் வரும் காலமும் கூடு இருக்கும் காலமும் ஒன்றே என்பதை மறந்தோம்.

இரண்டாவது தவறு, சம்பை நீர்மட்டத்துக்கு மேலே வெட்டியது. சம்பின் தண்டு வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குக் காற்று போகிறது. மேலே வெட்டினால் அடித்தண்டு குழாய் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், கிழங்கு மறுபடி துளிர்க்கும். நீர் ஒரு முழம் நிற்கும்போது நீருக்கு அடியில் வெட்டி, வெட்டுவாய் பல வாரம் மூழ்கியே இருந்தால் கிழங்கு மூச்சடைத்து அழுகும். அதற்கு ஆவணியில் கொஞ்சம் நீர் மிஞ்சியிருக்கும் பள்ளம் வேண்டும், இல்லாவிட்டால் வற்றிய பிறகு கிழங்கைத் தோண்டத்தான் வேண்டும்.

நெய்வேலிக் காட்டாமணக்கில் வேறு சிக்கல். வெட்டிய தண்டு ஈரத்தில் பட்டால் போதும், ஒவ்வொரு துண்டும் வேர்விடும். வெட்டி அங்கேயே போட்டால் நாமே நட்டு வைத்த மாதிரிதான். எல்லாத் துண்டையும் கரையேற்றி வெயிலில் காயவிட வேண்டும். ஆகாயத்தாமரையையும் கரையோரத்தில் குவித்தால் அடுத்த மழை திரும்ப நீருக்குள் தள்ளிவிடும். வெள்ளம் தொடாத மேட்டில் போட்டு எருவாக்க வேண்டும். இந்த இரண்டிலும் வெட்டுவதைவிடச் சுமப்பதற்குத்தான் அதிக ஆள் தேவை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சுமக்கும் வேலைக்கு ஒதுக்குங்கள்.

முழுவதையும் ஒரே ஆண்டில் திறந்துவிடக் கூடாது. தாழைக்கோழிக்கும் குருகுக்கும் கதிர்க்குருவிக்கும் அடர்த்தி வேண்டும். நாமக்கோழி திறந்த நீரும் கோரையும் சந்திக்கும் ஓரத்தில்தான் கூடு கட்டும். கேவலாதேவில் கரைகள் ஈரநிலத்தைப் பல பாத்திகளாகப் பிரித்திருப்பதால் ஒன்றில் வேலை நடக்கும்போது மற்றதை அமைதியாக விடலாம். நம் ஏரியில் அந்த வசதி இல்லை. கரையில் கல் நட்டு மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டோம், வருடத்துக்கு ஒரு பங்கு. பார்வை மேட்டுக்கு நேராக வாய்க்கால் மாதிரி நீளமான ஒரு திறப்பை மட்டும் ஆண்டுதோறும் வைத்திருக்கிறோம். நேர்கோடாக வெட்டாமல் வளைந்து போகும்படி வெட்டினால் ஓரம் நீளும், பறவைக்கும் மறைவு கிடைக்கும்.

கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பல ஏரிகளில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவேல மரங்களில்தான் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. வேறு மரமே இல்லாத இடங்களில் சீமைக்கருவேலத்திலும் கட்டுகின்றன. ஏரிக்கு நடுவில் கூடு இருக்கும் மரம் எந்த இனமானாலும், பக்கத்தில் மாற்று மரம் வளரும் வரை கை வைக்காமல் இருப்பதே சரி. நிலத்துக்கு உரியவரின் எழுத்து அனுமதி கட்டாயம் வேண்டும். சரணாலயம் என்றால் வனத்துறை, மற்ற ஏரி என்றால் நீர்வளத் துறையோ ஊராட்சியோ. இறங்குவதற்கு முன் நீளக் கழியால் புதரைத் தட்டிவிட்டு இறங்குவதும், முழங்கால் வரை மறைக்கும் காலணியும், பக்கத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கும் மருத்துவமனை எது என்று தெரிந்து வைத்திருப்பதும் சின்ன விஷயங்களாகத் தோன்றும். கண்ணாடி விரியன் உள்ள நாட்டில் அவை சின்ன விஷயங்கள் இல்லை.

எங்கள் ஏரியின் எருமைகள்

கேவலாதேவ் பற்றிப் படித்து முடித்தபோது எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. சம்பு மண்டுவதற்கு நாலைந்து வருடம் முன்பு, பறவை மேட்டுக்கு எதிரே எருமைகள் படுத்துக் கிடக்கும். படத்தில் எருமை விழுகிறது, வாத்துகள் ஒதுங்குகின்றன என்று சொல்லி, அந்தப் பக்கம் மாடு ஓட்ட வேண்டாம் என்று பலகை வைக்கச் செய்தது எங்கள் குழுதான். ஊராட்சியும் நல்லெண்ணத்தில் ஒப்புக்கொண்டது.

எருமை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் போன ஆனியில் தேடிப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“நீங்கதானே தம்பி போர்டு வெச்சீங்க?”

“ஆமாங்க ஐயா. தப்புதான்.”

“எருமை படுத்த எடத்துல சம்பு வராது. அது எங்க அப்பாவுக்கே தெரியும். எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

சாதாரண ஏரி என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. ஊராட்சியில் பேசி, வைகாசி முதல் ஐப்பசி மழை வரை பார்வை மேட்டுப் பக்கம் எருமை மேயலாம், கூடு தொடங்கியதும் மறு கரைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். முற்றிய சம்பை எருமை தொடாது, வெட்டிவிட்ட பிறகு வரும் இளந்துளிரைத் தின்னும் என்றார் பெரியவர். அதனால் ஆவணியில் நாங்கள் முதலில் வெட்டினோம், பின்னாலேயே அவருடைய எருமைகள் இறங்கின. அவர் கை காட்டிய இடத்தில் இரண்டு பள்ளங்களை மட்டும் தொடாமல் விட்டோம். அங்கே தாழைக்கோழி வழக்கமாகக் கூடு வைக்கும் என்றார்.

பலகையைக் கழற்றிவிட்டோம். சீமைக்கருவேலக் கன்றுகள் மட்டும் மிச்சம். புரட்டாசி மழை ஒன்று விழுந்து மண் இளகியதும் இறங்க வேண்டும்.